கைக்கெட்டிய கயிறு

அன்புள்ள அண்ணா,

அன்று பாறையில் நான் உன்னிடம் சொல்லாதது ஒன்றுதான்: "என் கயிற்றைப் பிடி."

காலையிலேயே நீ என் வாயை அடைத்திருந்தாய். "நான் கெஞ்சினாலும் உன் கயித்தக் குடுக்காத, பொடிசு. தொட்டுட்டா ஏறுனதே செல்லாது." அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் நிற்கும் அந்தச் செம்பாறைத் தூணில், முதலில் ஏறியவர்கள் அடித்த பழைய ஆணிகளைப் பிடிக்காமல் இதுவரை யாரும் உச்சிக்குப் போனதில்லை. அப்படிப் போகும் முதல் ஆள் நீயாக இருக்க வேண்டும்.

பாறைப் பிளவில், பாதி உயரத்தில், உன் முழங்கால் சிக்கியது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழே உன் கயிற்றைப் பிடித்திருந்த உன் நண்பன் லெவி, "என்னடா, அங்கேயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று கத்தினான். நீ சிரிக்கவில்லை. லெவி பிடித்த கயிறு விழுந்தால் தாங்கும், மேலே தூக்காது; கை நழுவினால் சிக்கிய கால் ஒடிந்து தலைகீழாகத் தொங்குவாய்.

நான் அந்த ஆணிகளைப் பிடித்தே முன்னதாக ஏறி, உச்சியில் கட்டிய கயிற்றில், உனக்குப் பக்கத்தில் தொங்கியபடி படம்பிடித்தேன். உன் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடி விடுவது கேமராவில் பெரிதாகத் தெரிந்தது.

"ஓடுதா?" என்றாய். தலையாட்டினேன். கயிற்றை நீ கேட்கவே இல்லை.

எனக்குக் கீழே தொங்கிய கயிற்றை, வாய் திறக்காமல், காலால் உன் பக்கம் தள்ளினேன். மறுபடியும் நேர்ந்தால் மறுபடியும் தள்ளுவேன்.

நீ இரண்டு கையாலும் பிடித்தாய். முழங்கால் விடுபட்டது. இறங்கியதும், என்னைப் பார்க்காமல் லெவியின் வண்டியில் ஏறிப் போனாய்.

உன் தங்கை