இடதுபக்கக் கோளாறு

அக். 6, திங்கள்

விடிந்து பார்த்தால் வாசல் முழுக்க ஈரம். ராத்திரி நல்ல மழையாம், இடி வேறாம். பக்கத்தில் படுத்திருந்த பாக்கியம் சொல்லித்தான் தெரியும். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்துவிட்டால் நான் கட்டை.

பதினோரு மணிக்குப் பெட்டி வந்து இறங்கியது. திண்டுக்கல் மேரி டீச்சர் வீட்டு ஸ்டீரியோ பெட்டி. ஜெர்மன் சரக்கு. ஐந்தரை அடி நீளம். நாலு பேர் தூக்கியும் மூச்சு வாங்கிற்று. நடுவில் ரேடியோ. மூடியைத் தூக்கினால் ரெக்கார்டு சுற்றும் தட்டு. இரண்டு கோடியிலும் துணி போர்த்திய ஸ்பீக்கர். டீச்சரின் கணவர் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. அவர் போய்ப் பத்து வருஷம். பெட்டி அதற்கு முன்பே ஊமை.

டீச்சர் மாதக் கடைசியில் கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டோடு போய்விடுகிறார். 27ஆம் தேதி லாரி. "தங்கவேலு, வீட்டக் காலி பண்ணுறதுக்குள்ள இந்த ஹால்ல ஒரு தடவ அது பாடணும்ப்பா. அம்புட்டுத்தான் எனக்கு." சரி என்று சொல்லிவிட்டேன். பழுது பார்த்து 25க்குள் கொடுக்க வேண்டும்.

பா. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "கட்டில எங்க போடுறது?" என்றாள்.

அக். 7, செவ்வாய்

முதுகுப் பலகையைக் கழற்றினேன். உள்ளே இருந்தவை: எலிக்கூடு (ஆள் இல்லை). கரப்பான் முட்டைகள். ஜெபமாலை மணி ஒன்று. 1 ஹேர்பின். எலி கடித்த வயர், முக்கியமாக இடது பக்கம். கண்டன்சர் அத்தனையும் உப்பிப்போய். கண்ணாடி வால்வு எட்டில் இரண்டு உடைசல்.

தேக்கு மாதிரி இல்லை, வேறு மரம். ஈரத்துணியில் துடைத்ததும் பாலிஷ் கண் திறந்தது. அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் செய்த ஆள் மனைவியோடு சண்டை போடாத நாளில் செய்திருக்க வேண்டும்.

மதுரை சேதுவுக்குப் போன். வால்வு அவனிடம்தான் கிடைக்கும். போனை இடது காதில் வைத்தால் சரியாகக் கேட்பதே இல்லை. பழைய போன், மாற்ற வேண்டும்.

அக். 9, வியாழன்

வெயில். பா.வுக்கு ஆபரேஷன் தேதி கிடைத்துவிட்டது. கர்ப்பப்பை எடுக்க வேண்டும். 28 அட்மிஷன், 29 ஆபரேஷன். மதுரை.

"கமலாவக் கூட்டிட்டுப் போறேன். அவட்ட சொல்லிட்டேன்," என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. கமலா அவள் தங்கை, வத்தலக்குண்டில் இருக்கிறாள். நல்ல ஆள்தான். வேலை தெரிந்தவள்.

ஆனால் என்னை ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. போன மாதம் ஸ்கேனுக்கு ஸ்கூட்டரில் கூட்டிப் போனவன் நான். இரண்டு மணி நேரம் வெளியே நின்றவன் நான். திரும்பி வருகிற வழி முழுக்க உம்மென்று வந்தாள். இப்போது கமலா வருகிறாள் என்று சேதி. முப்பத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரக்கூட லாயக்கில்லை போல.

கேட்கவில்லை நான். அவளாகச் சொல்லட்டும்.

அக். 11, சனி

கண்டன்சர் எல்லாம் மாற்றினேன். சேதுவின் வால்வு வந்தது, போட்டேன். எடுத்ததும் நேர் கரண்ட் கொடுக்காமல் பல்பை இடையில் வைத்துக் கொடுத்தேன். பல்பு மெல்ல மங்கிற்று. நல்ல சகுனம். ஒரு நிமிஷம் கழித்துப் பெட்டிக்குள் செம்மஞ்சள் வெளிச்சம். பிறகு கரகர. பிறகு ஒரு குரல், செய்தி வாசிக்கிற பெண்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை.

வலது பக்கம் கண்ணாடி மாதிரி. இடது பக்கம் சொத்தை. போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி மங்கல். எலி கடித்த பக்கம் அல்லவா.

பா. அடுப்படியிலிருந்து: "நல்லாத்தான இருக்கு?"
உனக்கென்ன தெரியும் என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அக். 14, செவ்வாய்

இடது பக்க வயர் முழுக்கப் புதிது. மங்கல் அப்படியே.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டுகிறது. மீட்டர் பொய். எதிர்த்தெரு எலக்ட்ரீஷியனிடம் இன்னொரு மீட்டர் கடன் வாங்கினேன். அதுவும் அதையே காட்டுகிறது. இரண்டு மீட்டரும் கூட்டுக் களவாணிகள். கடை வைத்திருந்த காலத்தில் எனக்குக் காதுதான் மீட்டர். ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டி வைத்தால் எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

அக். 16, வியாழன்

வலது பக்க வால்வைக் கழற்றி இடது பக்கம் போட்டேன், இடதை வலதில். வால்வு கெட்டது என்றால் மங்கல் வலது பக்கம் போக வேண்டும். போகவில்லை.

அப்படியும் சேதுவைப் பிடித்துக் கத்தினேன். புதிதாக அனுப்பியது எல்லாமே டூப்ளிகேட் என்றேன். "அண்ணே, எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணித்தாண்ணே குடுத்தேன். எங்கிட்ட பாடுச்சுண்ணே," என்றான். உன் கடைக்கு இனிமேல் வந்தால் பார் என்று சொல்லி வைத்துவிட்டேன். இருபது வருஷப் பழக்கம்.



அக். 18, சனி

தீபாவளிச் சாமான் வாங்க திண்டுக்கல். ஸ்கூட்டரில் நானும் பா.வும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கால் வைக்க இடமில்லை. மூட்டை முடிச்சோடு ஊரே அங்கேதான்.

போகும்போதும் வரும்போதும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பெல்லாம் அம்பாத்துரை வருமுன் தொடங்கினால் திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணில் படும்வரை வாய் ஓயாது. யார் வீட்டில் விசேஷம், யார் யாரோடு பேசவில்லை, எல்லாச் சேதியும் வண்டியில்தான் கிடைக்கும். இப்போது ஒரு வருஷத்துக்கு மேலாக வண்டியில் ஏறினால் மௌன விரதம். வயதானால் இப்படித்தான் போல. நிம்மதி என்றுகூட நினைத்தேன் முதலில். இப்போது பின்னால் மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இறங்கியதும், "அச்சு முறுக்குக்கு மாவு?" என்றாள்.
"எப்ப சொன்ன?"
"சொன்னேன்."
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

அக். 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய்க் குளியல், இட்லி, கறிக்குழம்பு. திருப்பூரிலிருந்து மகள் போன். அம்மாவோடு அரை மணி, என்னோடு அரை நிமிஷம்.

பெட்டிக்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள் பா. எனக்குச் சொல்லாமல். பார்த்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அக். 22, புதன்

தூறல். கடைசி ஆயுதம்: ஸ்பீக்கரையே இடம் மாற்றினேன். வலது கோடி ஸ்பீக்கர் இடது கோடிக்கு. காலையிலிருந்து மூன்று மணிவரை ஆயிற்று. வலது துணியில் வலது காதை வைத்தேன், பிரமாதம். இடது துணியில் இடது காதை வைத்தேன், அதே மங்கல்.

வயர் மாற்றியாயிற்று, வால்வு மாற்றியாயிற்று, ஸ்பீக்கர் மாற்றியாயிற்று. மிச்சம் மரம்தான். இடது பக்கப் பலகைக்குள் ஈரம் இறங்கி மரம் ஊதியிருக்க வேண்டும், சத்தத்தைக் குடிக்கிறது. அறுத்து எடுத்துவிட்டு வேறு பலகை வைக்க வேண்டியதுதான். பென்சிலால் கோடு போட்டுவிட்டேன். அந்தப் பாலிஷின் மேல் கோடு போடக் கை கூசிற்று.

டீச்சரிடம் சொல்லவில்லை. மூன்று நாள்தான் இருக்கிறது.

அக். 23, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் ஒரு மணி. ரம்பம் எடுத்து வைத்தாயிற்று. ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பா. தட்டோடு வந்தாள். "மொதல்ல சாப்டுங்க. மரம் எங்கயும் ஓடிராது." பெட்டியின் மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். கீரையும் சோறும். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன்.

இடது கோடி ஸ்பீக்கர் கணீரென்று கேட்கிறது. வலது கோடி மங்கல்.

எழுந்து பெட்டியைப் பார்த்து நின்றேன். இடது மங்கல். முதுகைக் காட்டி நின்றேன். வலது மங்கல். மறுபடி திரும்பினேன். மறுபடி. பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் திரும்பத் திரும்பக் கோளாறும் கூடவே திரும்புகிறது.

"என்ன, கழுத்து புடிச்சுக்கிருச்சா?" என்றாள் பா.
ஆமாம் என்றேன்.

அவள் போனதும் வலது காதை விரலால் அடைத்துக்கொண்டேன். பாட்டு நின்றுவிட்டது. தட்டு சுற்றுவது மட்டும் தெரிகிறது.

அக். 24, வெள்ளி

திண்டுக்கல் காது டாக்டர். பா.விடம் ஆணி வாங்கப் போகிறேன் என்று பொய். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வலது காதுக்குத் தூக்கிக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு எப்போது ஆரம்பித்தார்கள் என்றே தெரியவில்லை.

நரம்பாம். திரும்ப வராதாம். காது மிஷின் வைத்துப் பார்க்கலாமாம். "எத்தன நாளா இப்பிடி?" என்றார். தெரியவில்லை என்றேன். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றிரண்டு வருஷமாவது இருக்கும் என்றார்.

திரும்பி வரும் வழியில் எனக்கு முன்னால் ஒரு வண்டி. புருஷன் பெண்டாட்டி. அவள் சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து, இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு, அவன் இடது தோளுக்கு மேல் முகத்தை வைத்துப் பேசிக்கொண்டே போனாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினான்.

புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டேன்.

எல்லாப் பெண்களும் அப்படித்தான் உட்காருகிறார்கள். கால் வைக்கிற கம்பி அந்தப் பக்கம்தானே இருக்கிறது. பா.வும் அப்படித்தான். அவள் பேசுவதெல்லாம் என் இடது காதில். ஹெல்மெட் மேல் பழியைப் போடலாமா என்று யோசித்தேன். பைபாஸில் போலீஸ் நிற்கிற நாள் தவிர நான் அதைப் போடுவதில்லை.

அவளுக்கு மௌன விரதம் இல்லை. பேசிப் பேசிப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறாள். வேண்டுமென்றே பதில் சொல்லாத மனுஷன் என்று நினைத்திருப்பாள். என்னவெல்லாம் சொன்னாளோ.

வீட்டுக்கு வந்து பென்சில் கோட்டை அழித்தேன். சேதுவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே. இனிமேயாவது மீட்டர நம்புங்க," என்றான். நல்லவன்.

பா.விடம் இன்னும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அக். 25, சனி

பெட்டி போய்ச் சேர்ந்தது. டீச்சர் வீட்டு ஹாலில் மூட்டைகளுக்கு நடுவே வைத்தோம். அவரே ரெக்கார்டு எடுத்து வைத்தார். முள் ஒரு தடவை வழுக்கிற்று.

"ரெண்டு பக்கமும் ஒண்ணு போலக் கேக்குதா டீச்சர்?" இன்னொருத்தர் காதை நம்பி வேலையை ஒப்படைப்பது இதுதான் முதல் தடவை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பக்கமே தெரியலப்பா. நடுவுல நின்னு பாடுற மாதிரி இருக்கு."

அதுதான் ஸ்டீரியோ. சரியாகச் செய்திருக்கிறேன். எனக்குத்தான் இனி அந்த நடு கிடையாது. டீச்சர் அழுதார். நானும் சேர்ந்துகொண்டேன், அவர் அதைப் பெட்டிக்காக என்று நினைத்திருப்பார்.

அக். 27, திங்கள்

ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்க திண்டுக்கல் போக வேண்டும் என்றாள். பஸ்ஸில் போவோம் என்றேன். "வண்டிக்கு என்ன கேடு?" ஒன்றுமில்லை என்றேன்.

டவுன் பஸ். டிரைவர் பக்க வரிசையில் அவளை ஜன்னலோரம் விட்டேன். நான் அவளுக்கு இடப்பக்கம், அவள் எனக்கு வலப்பக்கம். பஸ் கிளம்பியதும் சொன்னேன். முன்னே பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, ரம்பம், கண்ணாடி அறை, புளியமரம்.

அம்பாத்துரை தாண்டியதும் மெதுவாகத்தான் கேட்டாள். முழுசாகக் கேட்டது.

"அப்ப, ஸ்கேன் எடுத்துட்டு வாரப்ப நான் கேட்டது?"
"என்ன கேட்ட?"
"பயமா இருக்கு, ஆஸ்பத்திரில நீங்க கூட இருப்பீங்களான்னு கேட்டேன். மூணு வாட்டி கேட்டேன். நீங்க பாட்டுக்கு ஓட்டிட்டு வந்தீங்க. அப்பறந்தான் கமலாட்டச் சொன்னேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீ கூப்பிடவில்லை என்று பதினெட்டு நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"இப்பக் கேளு," என்றேன்.
"போங்க."
"கேளு."
கண்டக்டர் டிக்கெட் கேட்டு, கொடுத்து, போன பிறகு கேட்டாள். "வாரீங்களா?"
"வாரேன்."

வாங்கியவை: ஃப்ளாஸ்க், 2 துண்டு, சோப்பு, நைட்டி. முறுக்கு மாவு (தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆயிற்று, பரவாயில்லை). வரும்போதும் அதே வரிசை. ஒன்றரை வருஷத்துச் சேதி பாக்கி இருக்கிறது. பாதிதான் முடிந்திருக்கிறது.

அக். 28, செவ்வாய்

மதுரை. வானம் மப்பு. அட்மிஷன் முடிந்தது. கமலா நாளைக் காலையில் வந்தால் போதும் என்று சொல்லியாயிற்று. மாடியில் அறை. ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஜன்னலோரம் ஒரு நாற்காலி. பா. கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாற்காலியை எடுத்து அவள் எனக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி போட்டேன். நர்ஸ் பிள்ளை பார்த்துவிட்டு, "ஐயா, காத்து ஜன்னப் பக்கந்தான வரும், ஏன் இங்க போட்டீங்க?" என்றது.

நான் வாயைத் திறக்குமுன் பா. சொன்னாள், "அவருக்கு இந்தப் பக்கம் இருந்தாத்தாம்மா நான் பேசுறது கேக்கும்."