வெட்டாமல் விட்ட மூச்சு

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவைப் பாட்டுக் குழுவில் கொண்டுபோய் விட்டேன். முப்பத்தைந்து வருடம் வெல்டிங் புகை குடித்த நுரையீரல். அம்மா போன பிறகு ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுவதில்லை. டாக்டர் கொடுத்த மூச்சுப் பயிற்சிக் கருவியில் தூசிதான் பயிற்சி செய்கிறது. அக்கா ஃபோனில் சொன்னாள்: "நூலகத்து மாடியில வயசானவங்க சேர்ந்து பாடுறாங்களாம். கூட்டிட்டுப் போ. வாக்குவாதம் பண்ணாத."

நான் ஒலிப்பதிவுப் பொறியாளன். பாட்டு நுரையீரலுக்கு நல்லது என்றால், புள்ளிவிவரம் எங்கே என்று கேட்பவன். அக்காவுக்குப் பயந்து போனேன்.

இருபத்திரண்டு படி. அப்பா மூன்று இடத்தில் நின்றார்.

மார்ச் 6, வெள்ளி

பதினான்கு பேர், பதினான்கு சுருதி. காதுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

படியில் ஒரே இடத்தில்தான் நின்றார். வீட்டுக்கு வந்ததும் தானே டீ போட்டார், எனக்கும் சேர்த்து. சர்க்கரை போடவில்லை. சொல்லாமல் குடித்தேன். நானா இது?

மார்ச் 24, செவ்வாய்

குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற நர்ஸ். "தம்பி, ஒரு பாட்டைப் பதிவு பண்ணித் தரீங்களா? வெளியூர்ல இருக்கிற எங்க பிள்ளைங்களுக்கு அனுப்பணும்" என்றார். சரி என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

பதிவு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் துருத்தி இழுப்பதுபோல ஒரு சத்தம். அப்பாவின் மூச்சு. எல்லார் முன்னாலும் சொன்னேன்: "அப்பா, பாட்டைவிட உங்க மூச்சுதான் பெருசா கேக்குது. பின்வரிசைக்குப் போங்க." தொழில்நுட்பப்படி சரியான வாக்கியம்.

அவர் பின்வரிசைக்குப் போகவில்லை. கண்ணாடியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

அக்கா: "சத்தத்தைக் குறைக்கிற மெஷினை முதல்ல உன் வாயில மாட்டுடா."

மார்ச் 31, செவ்வாய்

அப்பா வரவில்லை. நாற்காலி, ஜன்னல். "மூச்சு வாங்குது, நீ போ." டீயும் போடவில்லை. ஒரு மாத வேலையை ஒரே வாக்கியத்தில் கெடுத்திருக்கிறேன் — சே.

மைக்குகளோடு தனியாகப் போனேன். இன்றைக்காவது பதிவு சுத்தமாக வரும் என்று நினைத்தேன். வந்தது சந்தை இரைச்சல். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் தொடங்கினார்கள். ஏழு முறை! இரண்டு காதிலும் கேட்கும் கருவி மாட்டிய தையல்காரர் பொரிந்து தள்ளினார்.

"உங்கப்பா எங்க தம்பி?"

"அவர் மூச்சுச் சத்தம்..."

"அதைக் கேட்டுத்தான்யா நாங்க ஆரம்பிக்கிறோம்! அவர் இழுத்தா நாங்களும் இழுப்போம், அடுத்த நொடி பாட்டு. இந்த மெஷின்ல அதுதான் தெளிவா கேக்குது. நர்ஸம்மா கை காட்டுறதை யாரு பார்த்தா?"

"நானே பார்க்கிறதில்ல" என்றார் நர்ஸ்.

வீட்டுக்கு வந்து இருபத்தேழாம் தேதிப் பதிவைத் திரையில் விரித்தேன். அப்பாவின் மூச்சு முடிந்த கால் நொடிக்குள் பதின்மூன்று குரல்களும். ஒவ்வொரு வரியிலும். புள்ளிவிவரம் கேட்டேன் அல்லவா? இந்தா.

ஏப்ரல் 1, புதன்

லேப்டாப்பை அப்பாவின் மடியில் வைத்தேன். மன்னிப்பு எனக்கு வராது, வரைபடம் வரும். "இந்த மேடு உங்க மூச்சு. உடனே எல்லாரும். இது நேத்து, நீங்க இல்லாம — குப்பை."

கடைசியாக எழும்பிய சின்ன மேட்டைத் தொட்டார். "தையல்காரன் இங்கயும் லேட்டுதான்" என்றார்.

"மன்னிச்சிருங்கப்பா." எப்படியோ சொல்லிவிட்டேன். பாதி வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

"மூச்சை இழுத்துட்டுச் சொல்லுடா" என்றார்.

ஏப்ரல் 3, வெள்ளி

எனக்கு முன்பே செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "கிளம்ப உனக்கு எவ்வளவு நேரம்டா?"

முன்வரிசை நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. "வாய்யா எஞ்சினு! நீ இல்லாம வண்டியத் தள்ளியே ஓட்டினோம்" என்றார் தையல்காரர். மைக்கை அப்பாவுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன். "சும்மாதான நிக்கிறீங்க தம்பி, நீங்களும் உட்கார்ந்து பாடுங்க" என்றார் நர்ஸ்.

ஏப்ரல் 17, வெள்ளி

மைக் ஸ்டாண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். உச்சிப் படியிலிருந்து அப்பா கத்தினார்: "என்னடா, மூச்சு வாங்குதா?"

பதிவு முடிந்தது. எல்லாருக்கும் அனுப்பினேன். அக்கா உடனே கூப்பிட்டாள்.

"முதல்ல கேக்குற மூச்சு அப்பாதானே?"

"ஆமா."

"கடைசி வரியில ஒரு அவசரக்குடுக்கை எல்லாருக்கும் முந்திக்கிட்டுப் பாடுதே, அது நீதானே?"

அதையும் வெட்டவில்லை.