ஒட்டுக்குக் கீழே வெட்டியவர்

என் மரகதவல்லி அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. அழுதுகொண்டே எழுத வேண்டியது. ஆனால் எனக்கு அழுகை வரவில்லை அக்கா, ஆத்திரம்தான் வருகிறது. கோயில் விழா மலரில் உன் படத்தைப் போடுகிறோம், கீழே நாலு வரி எழுதிக் கொடு என்று கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற சங்கதியா இது? முழுசாக எழுதித் தருகிறேன், போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மாவ்பியில் உன் தோட்டம் போய்விட்டது. பல்கலைக்கழக விவசாய, ஒயின் ஆராய்ச்சி வளாகம் என்ற பலகை மட்டும் இன்னும் கேட்டில் தொங்குகிறது. உள்ளே புல்டோசர் விட்டு உழுதுவிட்டார்கள். உன் திராட்சைப் பந்தல் நின்ற இடத்தில் வீட்டு மனைக்குக் கல் நட்டிருக்கிறார்கள். ஒயின் கூடத்திலிருந்த என் தொட்டிகளை லாரியில் ஏற்றி, ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாலாவைத் தாண்டிப் புது வளாகம் கட்டி அங்கே இறக்கியிருக்கிறார்கள். நானும் தினமும் படகு ஏறிப் போய் வருகிறேன்.

புது வளாகத்துக்கு யார் பெயர் தெரியுமா? சயாஜி பெயர். உன் திராட்சைக்கும் அதே பெயர்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இதைத்தான் சொல்லி வைத்தார்களோ?

உன்னோடு சேர்ந்து இந்த மலரைப் படிக்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சயாஜி என்றால் பெரிய வாத்தியார். எங்கள் வளாகத்தின் தலைவர். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். என் அக்கா பெயரை எங்கேயும் எழுதாதவருக்கு என் கையால் எதற்குப் பெயர் போட வேண்டும்?

கீழ் பர்மாவின் மழைக்குத் திராட்சை வராது, அது ஷான் மலைச் சமாசாரம் என்று எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ காட்டுக்கொடி ஒன்றையும் பழச்செடி ஒன்றையும் மகரந்தம் சேர்த்து, முளைத்ததில் முக்கால்வாசியைப் பிடுங்கி எறிந்து, மிச்சத்தை மழையில் நனையவிட்டு, சாகாமல் நின்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டாய். மழை விட்டதும் கவாத்து வெட்டினால் வெயில் காலத்தில் கறுகறுவென்று பழுத்தது. உன் நிறம்தான் என்று நீயே அதற்குக் கறுப்பி என்று பெயர் வைத்தாய். நான் அதைப் பிழிந்து நொதிக்கவைத்து ஒயின் ஆக்கினேன். "ரெண்டு பொட்டப் புள்ளையையும் படிக்கவெச்சது சாராயம் காய்ச்சவாடி?" என்று தலையில் அடித்துக்கொண்ட அம்மா, சளி பிடித்தால் மட்டும் ஒரு மடக்குக் கேட்பாள். இப்போது சளி பிடித்தாலும் கேட்பதில்லை.

கறுப்பியை வெளியே அறிவித்த அன்று மேடையில் உன் பெயர் இல்லை. நீ எழுந்து நின்று கேட்டாய். அவ்வளவுதான், அடுத்த வாரமே உன்னைத் தோட்டத்தை விட்டுத் தூக்கி நகரத்து ஆபீசில் உட்காரவைத்தார்கள். அங்கே பூச்சட்டிகூடக் கிடையாது. அதிலிருந்துதான் உனக்கு உடம்பு படுத்தது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். டாக்டர் வேறு காரணம் சொன்னார். நான் அம்மா கட்சி.

கேட்டில் நடந்ததை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். பழம் கறுத்திருக்கும், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். லான்மடா வீட்டிலிருந்து வாடகைக் கார் பிடித்து, பின் சீட்டில் தலையணை வைத்து உன்னைச் சாய்த்துக் கொண்டுபோனேன். கேட்டுக்காரர் உன்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். உள்ளே விடவேண்டாம் என்று சயாஜி சொல்லியிருக்கிறார், என்னை மன்னித்துவிடுங்கள் என்று கும்பிட்டார். நான் போனில் கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை. அவர் கார் உள்ளே, வேப்பமரத்தடியில்தான் நின்றது. அவர் அறை ஜன்னல் திரை அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நீ சண்டை போடவில்லை. வேலிக்கம்பி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "அடிக்கொழுந்தெல்லாம் மொளச்சு மண்டிக் கெடக்குடி வடிவு. யாரும் கிள்ளலபோல இருக்கு. மேல இருக்கறதுக்குச் சாப்பாடு போவாதே" என்றாய். சாகப்போகிறவளுக்கு அந்தக் கவலை. அந்த மழைக்காலத்தைக்கூட நீ தாண்டவில்லை.

அவர் உன் சாவுக்கு மலர்வளையம் அனுப்பினார். அதை நான் எங்கே போட்டேன் என்று இங்கே எழுத முடியாது, இது கோயில் மலர்.

இனிமேல் நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. மழை விட்டதும் கவாத்து வந்தது. புது வளாகத்துக்கும் மாவ்பி விவசாயிகளுக்கும் கறுப்பிக் குச்சி வெட்டி நாற்று போடவேண்டும் என்று உத்தரவு. முதல் குச்சியைச் சயாஜி கையால் வெட்ட நல்ல நாள் பார்த்தார்கள். தட்டில் தேங்காய், வாழைப்பழம், ஊதுபத்தி. பட்டு லுங்கி, தலையில் பட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தார். பந்தலோ தலைக்கு மேலே. கையைத் தூக்கி அண்ணாந்து பார்த்தால் தலைப்பாகை விழுந்துவிடும். இலையெல்லாம் முன்னாடியே உருவிவிட்டதால் எல்லாக் குச்சியும் பார்க்க ஒன்றுபோல இருந்தது. இடுப்பு உயரத்தில் அடியிலிருந்து ஒரு குச்சி நல்ல விரல் பருமனில் கொழுகொழுவென்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கத்தரித்தார்.

ஒட்டுக்குக் கீழே வெட்டினார் அக்கா! கறுப்பியை நீ எந்தக் காட்டுக்கொடியின் வேரில் ஒட்டுப் போட்டாயோ, அந்த அடிச்செடியை வெட்டினார். ஆண் கொடி. வளரும், பூக்கும், உலகம் அழிந்தாலும் காய்க்காது.

அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. இந்த நாட்டில் அதற்கு ஒரு சொல் இருக்கிறதே, ஆனாடே. எதிரே இருக்கும் பெரியவர் முகம் சுண்டிப்போகுமே என்று மனம் கூசி வாயை மூடிக்கொள்வது. வாய் திறக்காதது மட்டுமா? சயாஜி கீழே வெட்டியபின் மேலே வெட்டினால் அவர் தப்பு என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அதனால் வரிசையாக எல்லோரும் கீழேயே வெட்டினார்கள். தோட்டம் முழுக்க, கட்டுக் கட்டாக.

உன் உதவியாளன் கோ துன் என் பக்கத்தில் வந்து நின்று பர்மியில் முணுமுணுத்தான். சயாமா என்றால் வாத்தியாரம்மா.

"சயாமா, சொல்லிடலாமா?"

"நீ போய்ச் சொல்றியா?"

"எனக்கு ஆனாடே."

"அப்ப வாயை மூடிக்கிட்டு வெட்டு."

எனக்கு ஆனாடே ஒன்றும் இல்லை. எனக்கு இருந்தது சந்தோஷம். எங்களுக்குக் கேட்டைச் சாத்தினாயே சயாஜி, நடு, உன் பெயர் போட்ட நிலம் முழுக்க மலடாக நடு என்று மனசுக்குள் கும்மியடித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மொஹிங்கா வாங்கித் தரச்சொல்லி இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். நீ போனபிறகு எனக்குப் பசித்த முதல் நாள் அது.

என் சந்தோஷத்தில் மண் போட்டது டோ செல்லம்மா, இந்த ஊர் வழக்கப்படி நாம் டோ போட்டுக் கூப்பிடுகிற பெரியவள். மாவ்பியில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தாளே, நீகூட அவள் தோட்டத்தில் சோறு சாப்பிட்டிருக்கிறாய். அவள் ஒரு நாள் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வெற்றிலைக் கொடிக்கால் முழுவதையும் பிடுங்கிவிட்டு, புதுக் கம்பு நட்டு, வளாகத்தில் கொடுத்த நாற்றை நட்டிருந்தாள். இலை பளபளவென்று மினுங்கிற்று. கறுப்பி இலை மினுங்காதே, அடியில் வெல்வெட்டு மாதிரி அல்லவா இருக்கும்?

"எப்டி வந்திருக்குது பாத்தியா சின்ன சயாமா? ஒங்க அக்கா செடின்னுதான் நட்டேன். அந்த ஆளு பேருக்கு ஆரு நடுவா?"

வரப்பிலேயே உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் பிடித்தாள் பார்.

"அடிப்பாவி! ஒன் பழிக்கு என் கொடிக்காலுதானா கெடச்சுச்சு? அவன் கெடுறதுக்கு நான் ஏண்டி கெடணும்?"

நியாயம்தானே? பழி வாங்குகிறவளுக்குக் குறி தப்பக்கூடாது. அவரை அடிக்க ஓங்கிய கை இவள் வயிற்றில் விழ இருந்தது. அதோடு இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பழைய தோட்டத்தை அழித்துவிட்டால் உலகத்தில் கறுப்பி எங்குமே இருக்காது. அவரைச் சிரிப்பாய்ச் சிரிக்கவைப்பதற்காக உன்னை நானே இன்னொரு தடவை கொன்றிருப்பேன்.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. அடிச்செடி என்ன பாவம் செய்தது? நல்ல வேர். மேலே கறுப்பியை ஒட்டினால் போதும், நீ செய்ததைத்தான் திரும்பச் செய்யவேண்டும். இந்த வருடம் புல்டோசர் வருவதற்கு முன்னால் கடைசிக் கவாத்து நடந்தது. வெட்டியதை எல்லாம் குப்பையில் போட்டுக் கொளுத்தச் சொல்லி உத்தரவு. நானும் கோ துன்னும் பந்தல் மேலே ஏறி, ஒட்டுக்கு மேலே, உன் குச்சிகளை மட்டும் பொறுக்கி ஈரச்சாக்கில் சுற்றி, குப்பையோடு குப்பையாக வெளியே கொண்டுவந்தோம். டோ செல்லம்மா வீட்டு வாசலில் விவசாயிகள் எல்லோரையும் கூட்டினாள். செடியைத் தரைக்கு மேலே அறுத்து, நடுவில் பிளந்து, உன் குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, நாடா சுற்றி, மெழுகு வைத்தோம். சிலது பட்டுப்போனது. மிச்சமெல்லாம் பிடித்துக்கொண்டது. அடியில் வெல்வெட்டோடு இலை விட்டிருக்கிறது அக்கா. தொட்டுப் பார்த்து டோ செல்லம்மாவும் நானும் கட்டிப்பிடித்து அழுதோம். ஆமாம், அன்றைக்கு மட்டும் அழுதேன்.

டாலாவில் ஒன்றையும் ஒட்டவில்லை. அங்கே எல்லாம் அசல் மலடு, அருமையாக வளர்ந்திருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் சயாஜி அந்த மினுங்குகிற இலையைத் தடவிக் காட்டுகிறார். "என்ன செழிப்பு பாத்தீங்களா சயாமா?" என்று என்னையும் கேட்கிறார். "ஆமாங்க சயாஜி" என்கிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு இருக்கிற குளிர்ச்சி இருக்கிறதே, ஐராவதியில் முங்கி எழுந்தாலும் வராது.

திறப்பு விழாவுக்கு நம்முடைய கடைசி ஒயினைத்தான் ஊற்றினார்கள், அவர் பெயர் ஒட்டி. அதைப் புளிக்கவைத்துக் காடியாக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மூடியைத் திறந்து வைத்தால் போதும். கை வரவில்லை. அது உன் பழம். குடித்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று தெரியும். "போவட்டும் விடுடி, ஆராய்ச்சி நடந்தா சரி, வளாகம் பொழச்சா சரி" என்பாய். எந்த வளாகம் அக்கா? மனை போட்டு விற்கிற அதுவா, மலட்டுக்கொடி நிற்கிற இதுவா? உன் வளாகம் இப்போது மாவ்பியில் நாலைந்து வேலிகளுக்குள்ளே இருக்கிறது. அடுத்த கவாத்துக்குப் பிறகு வருகிற வெயிலில் அங்கே பழம் பறித்து, அம்மாவின் ஊறுகாய் ஜாடியிலாவது ஒயின் போடுவேன். உனக்கு அவரை மன்னிக்கத் தோன்றினால் மன்னித்துக்கொள். நான் மாட்டேன்.

இதை அச்சில் போட்டால் அவருக்குத் தெரிந்துவிடாதா என்று மலர்க்குழுவில் பயந்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. நம்மவர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள், படித்தவர்கள் யார் வேண்டுமானாலும் போய்ச் சொல்லட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்லை. என் வேலை போனாலும் போகட்டும். ஆனால் சொல்லுங்கள், போய் யார் சொல்வீர்கள்? ஆனாடே அல்லவா?

எப்படியும் அடுத்த கவாத்து முடிந்ததும் பூக்கும், பூ உதிரும், காய் நிற்காது. அன்றைக்கு அவருக்குக் கறுப்பிக் குச்சி வேண்டும். மாவ்பியை விட்டால் அது எங்கே இருக்கிறது? விவசாயிகள் பேசி முடிவு பண்ணிவிட்டார்கள். யார் வந்து கேட்டாலும் சும்மாவே கொடுப்பது. சயாஜிக்கும் கொடுப்பது. இது யார் உண்டாக்கிய திராட்சை என்று வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

டோ செல்லம்மா இப்போதே தயாராகிவிட்டாள். "வரட்டும். கூட்டத்த வெச்சுக்கிட்டு, இது ஆரு செடிங்க சயாஜின்னு கேப்பேன். 'மரகதவல்லி'ன்னு அவன் முழுசாச் சொல்லணும். சொன்னா, எனக்குக் காது கொஞ்சம் மந்தமுங்க, இன்னொருக்கா சொல்லுங்கம்பேன். அப்பறம் இன்னொருக்கா."

அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

நான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன் அக்கா. அவர் நாக்கில் உன் பெயர் பழகுகிறவரைக்கும் ஒரு குச்சியையும் வெட்ட விடமாட்டேன். இது சத்தியம்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
உன் தங்கை வடிவு