பெட்டிக் காட்சி

மார்ச் 4

காலையில் மாப்பிள்ளை பேப்பரை நீட்டி, "அத்தை, உங்களை ஆகா ஓகோன்னு எழுதியிருக்கான்" என்றார். நான் நடித்த அந்த ஒரே படத்தைச் சுத்தம் பண்ணித் திரும்பத் திரையிட்டிருக்கிறார்களாம். 'பெட்டிக்குள் அடைபட்ட நாயகியின் பயம், திரையில் நாம் இதுவரை கண்டதிலேயே உண்மையானது.'

படம் வந்த புதிதில் இதே பேப்பர்தான், 'பெட்டிக்குள் நாயகிக்குப் பயமா, பல்வலியா என்று தெரியவில்லை' என்று எழுதியது. அந்த வரிக்குப் பிறகு என்னை யார் கூப்பிட்டார்கள்? இப்போது பல்வலி காவியமாகிவிட்டது.

சிரிக்கத்தான் சிரித்தேன். பேப்பரை நேராக மடிக்க வரவில்லை. சர்க்கரை இறங்கியிருக்கும் என்று மகள் ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.

மார்ச் 9

பேட்டி வேண்டும் என்று ஓயாமல் போன். "அந்தப் பயத்தை எப்படிம்மா கொண்டு வந்தீங்க?" எல்லோருக்கும் இதே கேள்வி. டைரக்டரைக் கேளுங்கள் என்றேன். அவரை இப்போது எல்லோரும் பெரியவர் என்கிறார்கள். டிவியில் கேட்டதற்கு, "அது தொழில் ரகசியம்" என்று சிரிக்கிறார்.

என்ன பெரிய ரகசியம். மரப்பெட்டி, முன்பக்கம் மட்டும் கண்ணாடி, அதற்கு எதிரே கேமரா. "மூடி சும்மாதான் வச்சிருக்கும்மா, தள்ளினா திறந்துடும்" என்றார். தள்ளினேன். வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தன் நகரவில்லை. நான் மூச்சு முட்டி மயங்கிய பிறகுதான் 'கட்' என்றார். அப்போதே சொன்னேன். நடிக்கத் தெரியவில்லை, சாக்குச் சொல்கிறாள் என்றார்கள்.

இந்த வீட்டுக் குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. நான்தான் கழற்றச் சொன்னேன். மாப்பிள்ளை பாவம், உள்ளே போனால் வெளியே வரும்வரை இருமிக்கொண்டே இருப்பார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மார்ச் 21

ஒரு புது டைரக்டர் வந்தான். மரியாதையான பையன், செருப்பைக்கூட நேராக விட்டான். அந்தப் படத்தை மறுபடி எடுக்கிறானாம். "பெட்டி கிடைச்சிருச்சும்மா. குடோன்ல அப்படியே கிடந்துச்சு. அந்தக் காட்சியை மட்டும் பெரியவரே வந்து எடுத்துத் தர்றேன்னிருக்கார். விமர்சனம் எழுதுறவங்க அதைத்தானே ஒப்பிட்டுப் பார்ப்பாங்க?"

சொல்லிவிட்டேன். தாழ்ப்பாள் போட்டது, மூச்சு முட்டியது, எல்லாம்.

பதறுவான் என்று நினைத்தேன். முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "அதான் அவ்வளவு உண்மையா இருந்துச்சா" என்றான். அவன் கண் பளபளத்தது.

ஐயோ. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நானே போய்ச் சொல்லிக் கொடுத்துட்டேனே.

மார்ச் 22

தூக்கமில்லை.

ஏப்ரல் 2

அந்த வேஷத்துக்கு எடுத்திருக்கும் பெண் என்னைப் பார்க்க வந்தாள். முதல் படமாம். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள். "உங்களுக்கு வந்த மாதிரி ஒரு விமர்சனம் எனக்கு வந்தாப் போதும் மேடம்."

தாழ்ப்பாள் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். "அதெல்லாம் அந்தக் காலம் மேடம். மூடி சும்மாதான் வச்சிருக்கும், தள்ளினா திறந்துடும்னு பெரியவரே சொன்னாரு."

ஒரு சொல் மாறவில்லை. படத்தை விட்டுவிடு என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கிழவிக்குப் பொறாமை என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும்.

கிளம்பும் முன் குளியலறைக்குப் போய் வந்தாள். "உங்க பாத்ரூம்ல தாழ்ப்பாளே இல்லையே மேடம்."

"ஆமா. அந்தப் படத்துலேருந்தே இல்லை."

கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "ஷூட்டிங் அன்னைக்கு நீங்க வர்றீங்களா?" என்றாள்.

ஏப்ரல் 10

போய் வந்தேன். விரல் வீங்கியிருக்கிறது. பேனா பிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 13

இப்போது பரவாயில்லை. அன்றைக்கு எனக்குப் பூங்கொத்து, போட்டோ, குஷன் நாற்காலி. நாற்காலியைப் பெட்டிக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் உள்ளே படுத்ததும் மூடி இறங்கியது. அந்த இடுக்கில் விரல்களை நுழைத்து வைத்தேன். கேமராவுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

"கையை எடும்மா, ஷாட் கெடும்" என்றார் பெரியவர்.

"நீங்க பாட்டுக்கு எடுங்க சார். கை இங்கேதான் இருக்கும்."

அவர் தலையசைத்தார். தாழ்ப்பாள் பக்கம் நின்ற ஆள் மூடியை அழுத்தினான். உயிர் போய் வந்தது. நான் எடுக்கவில்லை. கடைசியில் அவன்தான் பயந்துபோய் விட்டுவிட்டான். அப்படியே எடுத்தார்கள்.

ஆனால் பெரியவர் கோபப்படவே இல்லை. "சரி, நீ களைச்சிருப்பே, கிளம்பு" என்று காரில் ஏற்றிவிட்டார். கார் திரும்பும்போது பார்த்தேன். விளக்கை அணைக்கவில்லை. பெட்டியையும் நகர்த்தவில்லை.

நான் போன பிறகு மறுபடி எடுத்தார்களா?

ஏப்ரல் 14

பெண் போன் எடுக்கவில்லை.

மே 6

எடுக்கவில்லை. புது டைரக்டரும் எடுக்கவில்லை. "வேலையா இருப்பாங்கம்மா, உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்கிறாள் மகள். ஆமாம், பயம்தான்.

செப்டம்பர் 17

படம் வெளிவந்துவிட்டது. மாப்பிள்ளை பேப்பரோடு வந்தார். "பாவம் அத்தை அந்தப் பொண்ணு. கிழி கிழின்னு கிழிச்சுட்டான்."

படிக்கச் சொன்னேன்.

'பழைய படத்தின் உண்மை இதில் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் நாயகி, யாரோ துணைக்கு இருப்பதுபோல் அடிக்கடி மேல் மூலையைப் பார்க்கிறார். நடிக்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது.'

"மறுபடி படிங்க" என்றேன். மூன்றாம் தடவையும் கேட்டதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். ஒரே அழுகை. நான் போன பிறகு பெரியவர் இன்னொரு தடவை எடுக்கலாம் என்றாராம். மாட்டேன் என்று இவள் இறங்கிப் போய்விட்டாளாம். யாரிடமும் பேசக் கூடாது என்று கம்பெனியில் மிரட்டி வைத்திருந்தார்களாம். "எனக்கு இனிமே யாரும் படம் தர மாட்டாங்க மேடம்."

தரமாட்டார்கள்தான். எனக்குத் தெரியாதா.

"ஏம்மா, உங்க வீட்டு பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிறியா?" என்று கேட்டேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போட்டுக்கிறேனே. ஏன் மேடம்?" என்றாள்.