றெஜி வீட்டுக்கு வந்திருக்கிறான்

மார்ச் 3
ஏறாவூர் ஹஸீனாவுடன் பகல் முழுதும் வீடு வீடாகக் கையெழுத்துக்கு அலைந்தேன். பாதுகாப்புக் கட்டளையை மீறுகிறவனை அன்றே கைதுசெய்ய வேண்டும், அடிவாங்கியவளைச் சமரசம் பேச அனுப்பக் கூடாது. இவ்வளவுதான் கேட்கிறோம். சட்டத்தைத் திருத்த ஏப்ரலில் மட்டக்களப்பில் கருத்துக் கேட்கிறார்களாம். “நீங்கதான் பேசணும், மேர்லின்” என்கிறாள் ஹஸீனா.

திரும்பி வந்தால் வாசலில் தம்பி றெஜியின் மோட்டார் சைக்கிள். உடுப்புப் பையோடு வந்திருக்கிறான்.

மார்ச் 4
றெஜியின் மனைவி மக்டலின் மச்சாள் கோர்ட்டில் கட்டளை எடுத்துவிட்டாள். கட்டிய புருஷன் இனி அவளையும் வீட்டையும் நெருங்கக் கூடாது. அந்த வீடு அவளுடைய சீதனம். அவன் வேறெங்கே போவான்? தாயிடம்தான். அதாவது, என் வீட்டுக்கு.

அம்மா அவனுக்கு இறால் கறி வைத்தாள்.

மார்ச் 9
அவன் கத்துவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்:

“அக்கா, உன்ட சட்டம் வந்தா என்னை என்ன செய்வாங்க?”

“கட்டளைய மீறினா உடனே பிடிப்பாங்க.”

“அப்ப இப்ப?”

அவன் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.

மார்ச் 12
மச்சாள் போன் எடுத்தாள். “ஆத்தங்கரையில நிண்டு வீட்டையே பாத்துக்கொண்டிரிக்கார். பொலிசுக்குச் சொன்னன். கரையில நிக்கிறது குற்றமா எண்டு கேக்காங்க.”

ஆற்றங்கரை எல்லாருக்கும் பொதுதான்.

மார்ச் 13
இன்றும் நின்றானாம்.

மார்ச் 17
மச்சாள் ஆஸ்பத்திரியில். வலது கை முறிந்துவிட்டது. பின்வேலியால் வந்திருக்கிறான்.

பொழுதுபடும் நேரம் பொலிஸ் இங்கே வந்தது. அம்மா முந்திக்கொண்டாள். “மகன் பின்னேரம் முழுக்க இஞ்சதான் படுத்திரிந்தவன், சேர்.”

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் விரல்கள் என் முழங்கையை இறுக்கின. கடவுளே, நான் தூக்கி வளர்த்தவன்—

“இல்ல. வெளிய போனவன். இப்பதான் வந்தவன்.”

றெஜி முரண்டு பிடிக்கவில்லை. ஜீப்பில் ஏறும்போது திரும்பினான். “ஏப்ரல்ல நல்லாப் பேசு, அக்கா.”

மார்ச் 18
“நீ ஒண்டப் பெத்திரிந்தாத் தெரியும்” என்றாள் அம்மா.

மார்ச் 28
அவனுக்குப் பிணை கிடைத்துவிட்டது. கொடுத்த விலாசம் எங்கள் வீடு.

நான் மச்சாளிடம் வந்துவிட்டேன். கையில் மாக்கட்டு, தலை இழுக்க முடியவில்லை அவளுக்கு. நான்தான் சீப்பெடுத்து இழுத்துவிடுகிறேன். வெளியே ஏதாவது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம்.

ஏப்ரல் 6


காலையில் அம்மாவின் அழைப்பு. இத்தனை நாளில் முதல் தடவை. “அவன் வெளிக்கிட்டான். கத்திய எடுத்துக்கொண்டு போறான். கதவப் பூட்டுங்க புள்ள, யன்னலையும் பூட்டுங்க. பொலிசுக்கு நான் சொல்லிட்டன். என்ட மகன் கொல்லப் போறான் எண்டு சொல்லிட்டன்.”

மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். வேலித் தகரம் கிழியும் சத்தம். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மச்சாள் பெயரையல்ல, என் பெயரை. மெதுவாக, சின்ன வயதில் கூப்பிடுவதுபோல.

முற்றத்தில் வைத்துப் பிடித்தார்கள். மச்சாள் கூப்பிட்டபோது வராத ஜீப், தாய் கூப்பிட்டதும் வந்துவிட்டது. அதை நினைத்து ஆறுதல் படுவதா, ஆத்திரப்படுவதா?

ஏப்ரல் 10
அவனை விளக்கமறியலில் அடைத்திருக்கிறார்கள், இருபத்தோராம் திகதிவரை. அதற்குப் பிறகு என்ன? ஒருவருக்கும் தெரியவில்லை.

கருத்துக் கேட்கும் மண்டபத்துக்கு அம்மாவும் வந்தாள். நான் அழைக்கவில்லை. கடைசி வரிசையில் மச்சாளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

‘ஒரு கிராமத்தில் ஒரு பெண்’ என்று தொடங்குவதாகத்தான் ஹஸீனாவிடம் சொல்லியிருந்தேன். மைக்கைப் பிடித்ததும், “என் தம்பி” என்று தொடங்கினேன்.

அம்மா எழுந்து போகவில்லை.