கார்வரைக்குத் திரும்பிய சிறுவண்டி

நலம் பெருகுக. முகில் தங்கும் சிகரங்களுக்கு உரியவரும் கார்வரை நாட்டின் காவலருமான கோடைமாறனார் திருமுன்பு, வெண்டுறை மாநகரிலிருந்து அமைச்சர் தண்ணிலவர் விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க.

பிணியுற்றோரைத் தோளில் சுமந்து மலையிறங்கும் தங்கள் குடிகளுக்கு இருப்புப்பாதை வேண்டுமென்ற விண்ணப்பம் நேற்று அவையில் முடிவுக்கு வந்தது. நாட்டின் சிற்றுருவாய் அவை நடுவே அமைந்த மரமேடையில், ஒரு சாண் சிறுவண்டி தங்கள் மலைவரை ஓடிக் காட்டினாலன்றிப் பாதை இல்லை என்பது அரசர் விதித்த நிபந்தனை. அரசர் வீற்றிருக்கையில் அச்சிற்றுருவின்மேல் எவர் கையும் நீளலாகாது என்பதோ நம் மரபு. எனவே தங்கள் மகளார் அலரி, தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடந்தோறும் மேடைக்கு அடியில் சிறு மின்பொறி பொருத்தி, அதன் முனையைத் துளைவழி ஏற்றி, வண்டியை இப்பக்கமோ அப்பக்கமோ திருப்பும் தண்டவாள நாக்கோடு இணைத்து, விசைகளை ஓரப் பலகையில் வைத்திருந்தார்.

வண்டி புறப்பட்டது. அலரி மலைக்குரிய விசையைத் தட்டினார். நாக்கோ கடற்பக்கம் சாய்ந்தது. பதறி வண்டியின் ஓட்டத்தை நிறுத்தினார். மலைக்குப் போகச் சொன்னால் இந்த வண்டி மீன் வாங்கப் போகிறதே என்று கருவூலத் தலைவர் சேத்தனார் நகைக்க, அவையே நகைத்தது. நாக்கை விரலால் ஒருமுறை தள்ளிவிட்டால் ஆயிற்று என்று அவர் நயமாகத் தூண்டவும் செய்தார். தள்ளியிருந்தால் விண்ணப்பம் அக்கணமே வீழ்ந்திருக்கும்.

வண்டிக்கு எதிர்முகமாய் அமைந்த அரியணையை ஏறிட்டதும் அலரிக்குப் பிழை பிடிபட்டது. அந்தப் பிரிவின் மின்கம்பிகளை இணைத்தவர்கள் அரண்மனைக் கம்மியர். இடம் வலத்தை அவர்கள் அரியணையிலிருந்து பார்த்தே சொல்வர். அலரியோ ஓடும் வண்டியின் முகத்திலிருந்து சொல்லியிருந்தார். பட்டாடையோடு மேடைக்கடியில் தவழ்ந்து புகுந்தார். இரு கம்பிகளையும் இடம் மாற்றி முறுக்கினார். கூந்தலில் மரத்தூளோடு எழுந்தார்.

மீண்டும் விசை. நாக்கு மலைப்பக்கம் சாய்ந்தது! வண்டி வளைந்து ஏறிக் கார்வரை உச்சியில் நின்று கூவியது. அரசர் எழுந்தே நின்றுவிட்டார். சேத்தனாரும் கைதட்டினார் என்பதை மறைப்பது முறையன்று.

ஆதலின் அரசர் ஆணை: ஓலை கண்டவுடன் மலையில் பாறை பிளக்கத் தொடங்குக. இனி இந்நாட்டு இருப்புப்பாதைகளில் இடமும் வலமும் வண்டியின் முகம் கொண்டே கணிக்கப்படும்; அரியணை கொண்டு அன்று.

நாரை முத்திரை அரக்கில் பதித்தோம். இதற்குத் தடை செய்வோர், வண்டி வந்த பின்னும் நடந்தே மலையேறுவாராக.