குடும்ப டாக்டராக வர ஆள் இல்லையாம், நிம்மி

நிம்மி, என் கண்ணே,

ஞாயிற்றுக்கிழமை உன் படத்திறப்பு நடந்தது. அந்த கன்டெய்னர் லாரி உன் ஸ்கூட்டரில் மோதிய நாளிலிருந்து எனக்கு எதுவும் உறைக்கவில்லை. துறைமுகத்துக்குப் போகிறேன், கிரேன் சென்சார்களைச் சரிபார்க்கிறேன், திரும்பி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது. கோபமாக.

உன் காலேஜ் ஜூனியர்கள் வந்திருந்தார்கள். கார்த்திக் என்கிற ஹவுஸ் சர்ஜன் மைக்கைப் பிடித்து, "குடும்ப மருத்துவர்கள்தான் இந்தச் சமூகத்தின் முதுகெலும்பு, நிர்மலா அக்கா அதற்குச் சாட்சி" என்றான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் நம்பிவிட்டேன். பந்தியில் அவனுக்குச் சாம்பார் ஊற்றும்போது கேட்டேன்.

"தம்பி, நிம்மியோட காலடிப்பேட்டை கிளினிக் பூட்டியே கெடக்குது. படிப்ப முடிச்சதும் யாராவது வந்து பாப்பீங்களா?"

அவன் இலையைப் பார்த்தான். "எனக்கு ரேடியாலஜிதான் சார். ஃபேமிலி மெடிசின்னு சொன்னா பொண்ணுகூடக் குடுக்க மாட்டாங்க."

பக்கத்திலிருந்த பெண் சிரித்தாள். "சளி, காய்ச்சல், ரெஃபரல் லெட்டர், அவ்ளோதான சார்? அக்கா ரேங்குக்கு எந்த சீட்டும் கெடச்சிருக்கும். வேஸ்ட் பண்ணிட்டாங்க."

வேஸ்ட். உன் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, உனக்காகப் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு.

முகத்துவாரக்குப்பம் மாரி அண்ணன் கதையைச் சொன்னேன். சர்க்கரை இறங்கவில்லை என்று போன இடமெல்லாம் மாத்திரையைக் கூட்டினார்கள். நீ மட்டும்தான் அவர் சம்சாரத்தையும் உள்ளே கூப்பிட்டு, வீட்டில் மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டாய். "அவளுக்கும் சக்கரதான டாக்டரம்மா, ஆளுக்குப் பாதியா போட்டுக்கினு கீறோம்" என்றார் பெருமையாக. அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாயே!

"இதக் கேக்க டாக்டர் எதுக்கு சார்? நர்ஸே கேட்ருப்பாங்க" என்றான் கார்த்திக்.

அவர் போன இடத்திலெல்லாம் யார் கேட்டார்கள்?

எதிர் இலையில் இருந்த மாரி அண்ணனே வாயைத் திறந்தார். "இன்னா நைனா, தலைக்கு ஒருத்தன், காலுக்கு ஒருத்தன்னா, மாரிய எவன் பாப்பான்?"

கார்த்திக் மோர் கேட்டான்.

எனக்குத் தெரிந்தது மெஷின்தான் நிம்மி. ஒவ்வொரு சென்சாரும் சரியாகவே காட்டும், கிரேன் மட்டும் நின்றுபோகும். அப்போது மொத்தத்தையும் பார்க்கத் தெரிந்தவரைத்தான் தேடி ஓடுவோம். அவருக்குத்தான் முதல் மரியாதை. உங்கள் படிப்பில் மட்டும் அது ஏன் கேவலம்? நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த இளக்காரத்தை எந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

ஹவுஸ் ஓனர் உன் கிளினிக் ரூமை ஸ்கேன் சென்டருக்கு விடலாமா என்று கேட்கிறார். விடமாட்டேன். லீவு கிடைக்கிற நாளெல்லாம் உன் காலேஜ் ஹாஸ்டல் வாசலில் போய் நிற்கப்போகிறேன். பைத்தியம் என்பார்கள், செக்யூரிட்டி விரட்டுவார். பரவாயில்லை. ஒரே ஒரு பிள்ளை "நான் வரேன் சார்" என்று சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். சத்தியம்.

டாக்டரம்மா வூட்டுக்காரன்,
சுரேஷ்